டிரெட்டி பஜாரா, டேங்ராவா? கொல்கத்தா சைனாடவுனில் எங்கே சாப்பிடுவது

கொல்கத்தாவுக்கு டிக்கெட் போட்டவர்கள் "அங்கே சைனாடவுன் இருக்காமே, ஒரு வேளை அங்கே சாப்பிடலாமா?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. அந்த ஊரில் சைனாடவுன் இரண்டு இருக்கின்றன. ஒன்று, நகரின் நடுவில் லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரெட்டி பஜார். இன்னொன்று, கிழக்கே பைபாஸ் சாலைப் பக்கம், சயின்ஸ் சிட்டியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் டேங்ரா. வண்டியில் போனால் பெரிய தூரமில்லை. ஆனால் முதலாவது விடியற்காலையில் தெருவில் நின்று சாப்பிடும் இடம், இரண்டாவது ராத்திரியில் ஏசி ஹால் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் இடம். ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போய் "இதுதானா சைனாடவுன்?" என்று உதட்டைப் பிதுக்கித் திரும்புகிறவர்கள் நிறைய.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் அதிகம் கேட்பதில்லை: நகர மையத்தில் 1920-களிலிருந்து நடக்கும் பழைய சீன உணவகங்கள். ஒரே ஒரு வேளைதான் கையில் இருக்கிறது என்றால் இந்த மூன்றில் எது என்பதைப் பார்ப்போம்.

முதலில் எதை வைத்து முடிவெடுப்பது

"எது ஒரிஜினல்?" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடுங்கள். மூன்றுமே கொல்கத்தா சீனர்கள் உண்டாக்கியவைதான், மூன்றும் வேறு வேறு காரணத்துக்காக உண்டானவை. முடிவெடுக்க உண்மையில் உதவுகிற கேள்விகள் இவை.

எத்தனை மணிக்கு எழுந்திருக்க முடியும்? இதுதான் முதல் கேள்வி, பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். அடுத்தது, கூட யார் வருகிறார்கள்? முட்டி வலியோடு அம்மா வந்தால் ஒரு கணக்கு, கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் என்றால் வேறு கணக்கு. பன்றிக்கறி சாப்பிடுவீர்களா, அசைவமே வேண்டாமா, ஹலால் பார்க்க வேண்டுமா என்பது மூன்றாவது. நான்காவது, உங்களுக்குப் பார்க்க வேண்டுமா, சாப்பிட வேண்டுமா? இரண்டும்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கொல்கத்தாவில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் நிறைவாகக் கிடைப்பதில்லை. பார்க்க டிரெட்டி, சாப்பிட டேங்ரா என்று ஏறக்குறைய பிரிந்து கிடக்கிறது.

பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். மூன்று இடத்திலும் சாப்பாட்டு விலை உங்களைப் பயமுறுத்தாது. செலவு வேறு வழியில் வரும், அதை அங்கங்கே சொல்கிறேன்.

| | டிரெட்டி பஜார் | டேங்ரா | பழைய உணவகங்கள் |
|---|---|---|---|
| நேரம் | விடிந்ததிலிருந்து 8 மணி வரை, ஞாயிறு சிறப்பு | மதியம் முதல் இரவு வரை | மதியம், இரவு |
| எத்தனை பேர் | ஒருவர், இருவர் | நான்கு பேருக்கு மேல் | இருவர் முதல் நால்வர் |
| உட்கார இடம், கழிவறை | இல்லை | உண்டு | உண்டு |
| சைவம் | மிகக் குறைவு | தாராளம் | ஓரளவு |
| பார்க்க | நிறைய | கொஞ்சம் | உணவகமே பார்க்கத்தக்கது |
| மறைமுகச் செலவு | விடியற்காலை டாக்சி, ஹோட்டலில் விட்டுப்போகும் காலை உணவு | போக வர டாக்சி, மிஞ்சும் உணவு | முன்கூட்டியே போன் |

டிரெட்டி பஜார்: கோழி கூவும்போது கிளம்புகிறவர்களுக்கு

பெயர் எடுவார்டோ டிரெட்டா என்ற இத்தாலியரிடமிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சந்தை அவர் கையில் இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் டோங் ஆச்சியூ என்ற சீன வணிகர் வங்காளத்துக்கு வந்து, அப்போதைய பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கி, ஹூக்ளி நதிக்கரையில் கரும்பாலை வைத்தார். அந்த ஊர் இன்றும் அவர் பெயரில் ஆச்சிபூர் என்றே இருக்கிறது. ஆலை நிலைக்கவில்லை. ஆனால் அப்புறம் வந்த சீனர்கள் நகருக்குள் குடியேறினார்கள். கான்டன் பக்கத்துக்காரர்கள் தச்சு வேலை, ஹாக்கா மக்கள் செருப்பும் தோலும், ஹூபேயிலிருந்து வந்தவர்கள் பல் வைத்தியம். பெண்டிங்க் தெருவில் வரிசையாக இருந்த சீனச் செருப்புக் கடைகளில் சில இன்றைக்கும் இருக்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருவோம். போத்தார் கோர்ட் என்ற கட்டடம்தான் அடையாளம், எந்த டாக்சிக்காரரும் கொண்டுபோய் விடுவார். அதன் பக்கத்துத் திறந்த இடத்தில் அதிகாலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கடை பரப்புகிறார்கள். கடை என்றால் ஒரு சின்ன மேஜை அல்லது பெட்டி, அதன் மேல் நம் இட்லிப் பானை போல அடுக்கடுக்கான அலுமினியப் பாத்திரம், கீழே அடுப்பு. மூடியைத் திறந்தால் ஒரு தட்டில் மோமோ, அடுத்த தட்டில் உள்ளே பன்றிக்கறி வைத்த வெள்ளை வெளேரென்ற பாவ், இன்னொரு தட்டில் மேலே வாய் திறந்த ஷுமாய். பக்கத்துக் கடையில் மீன் உருண்டை சூப். தெளிந்த சூப்பில் மிதக்கும் அந்த உருண்டைகள் பல்லில் பட்டால் ரப்பர் மாதிரித் துள்ளும், மேலே வெங்காயத்தாள் தூவியிருப்பார்கள், ஜனவரிக் குளிரில் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டிய சமாச்சாரம். கயிற்றில் கோர்த்த இனிப்புச் சுவையுள்ள பன்றிக்கறி சாசேஜ், எள்ளுருண்டை, சில நாள் இலையில் கட்டி வேகவைத்த பசை அரிசி, எல்லாம் வரும்.

அதே தெருவில் காய்கறிக்காரர்களும் மீன்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். பூரியும் உருளைக்கிழங்கும் விற்கிறவர்களும் உண்டு. மோமோ விற்பவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் இப்போது சீனர்கள் இல்லை. இதைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை, ஆனால் காரணம் தெரிந்து போவது நல்லது. 1962-ல் இந்திய-சீனப் போர் வந்தபோது இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீனர்கள் சுமார் மூவாயிரம் பேரை ராஜஸ்தானில் உள்ள தேவலி முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். சிலர் அங்கே வருடக்கணக்கில் இருந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீடும் இல்லை, தொழிலும் இல்லை. அதற்குப் பிறகு கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கிளம்பியவர்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த கூட்டம் இன்று சில ஆயிரம். கடை பரப்ப ஆள் ஏன் குறைவு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சாப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் போதும். அதற்கப்புறம்தான் டிரெட்டியின் உண்மையான பலம். சுற்றியுள்ள சந்துகளில் சீனக் கோயில்கள் இருக்கின்றன, அவற்றை அங்கே சர்ச் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். சத்தாவாலா சந்தில் சீ இப் சர்ச், 1905-ல் கட்டியது, மாடியில் கருணைத் தெய்வம் குவான் யின். கொஞ்சம் தள்ளி தூங் ஆன் சர்ச், அதன் கீழ்த்தளத்தில்தான் ஒரு காலத்தில் சினிமாக்காரர்களெல்லாம் வந்து சாப்பிட்ட நான்கிங் உணவகம் இருந்தது. உணவகம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது, சிவப்புக் கட்டடம் நிற்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் 1724-ல் கட்டிய ஆர்மீனிய சர்ச், 1884-ல் கட்டிய மாகன் டேவிட் யூத ஆலயம் (சனிக்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்), அப்படியே நகோடா மசூதி. ஒரு காலை நடையில் இத்தனை சாதிசனமும் ஒரே பேட்டையில் வாழ்ந்த தடம் கிடைக்கிற இடம் இந்தியாவில் வேறு எது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி இதன் மறைமுகச் செலவு. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டமும் அதிகம், பண்டமும் அதிகம், வார நாட்களில் நாலைந்து கடைதான். ஆனால் ஞாயிறு அன்று மெட்ரோ காலை 9 மணிக்கு மேல்தான் ஓடத் தொடங்கும், சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரலாம் என்று திட்டம் போட்டால் நீங்கள் வருவதற்குள் பாத்திரத்தைக் கழுவி எடுத்துப் போயிருப்பார்கள். ஆகவே டாக்சி. சால்ட் லேக்கிலோ ராஜர்ஹாட்டிலோ தங்கியிருந்தால் டாக்சிக் காசு நீங்கள் சாப்பிடும் காசைவிட அதிகமாகிவிடும். எஸ்பிளனேட், சாந்தினி சவுக் பக்கம் தங்கினால் சல்லிசு. ஹோட்டல் அறை வாடகையில் காலை உணவும் சேர்ந்திருந்தால் அது வீண். கழிவறை கிடையாது, உட்கார இடம் கிடையாது, கை கழுவத் தண்ணீர் பாட்டிலை நீங்களே கொண்டுபோக வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடுகிறவர்களுக்குச் சமமாகக் கேமராக்காரர்களும் வருகிறார்கள். விற்கிற அம்மாவின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டிவிட்டு ஒரு மோமோகூட வாங்காமல் போகிறார்கள். முதலில் வாங்குங்கள், சாப்பிடுங்கள், அப்புறம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வழிகாட்டியோடு நடக்கும் உணவு நடைகள் உண்டு, கட்டணம் சாப்பாட்டு விலையைப்போல் பல மடங்கு. கதை கேட்கப் பிடிக்கும், பூட்டிய கோயிலைத் திறந்து காட்ட ஆள் வேண்டும் என்றால் கொடுக்கலாம். சாப்பிட மட்டும் என்றால் வழிகாட்டி எதற்கு?

டேங்ரா: பசியோடும் கூட்டத்தோடும் வருகிறவர்களுக்கு

டேங்ரா முதலில் சாப்பாட்டு இடமே இல்லை. ஹாக்கா மக்கள் தோல் பதனிட வந்து உட்கார்ந்த சதுப்பு நிலம் அது. 1910 வாக்கில் தொடங்கி, ஊருக்கு வெளியே, நாற்றம் யாருக்கும் தொந்தரவாக இருக்காத இடத்தில், நூற்றுக்கணக்கான தோல் ஆலைகள் வந்தன. ஊர் வளர்ந்து அவர்களைச் சுற்றிக்கொண்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் ஆலைகளை எல்லாம் நகருக்கு வெளியே பாந்தாலாவுக்கு மாற்றச் சொன்னது. மாற முடிந்தவர்கள் மாறினார்கள், முடியாதவர்களில் பலர் வெளிநாடு போனார்கள், சிலர் ஆலைக் கூடத்தையே வெள்ளையடித்து உணவகம் ஆக்கினார்கள். அதனால்தான் இன்று டேங்ராவில் இறங்கினால் இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், பெரிய இரும்புக் கேட், குறுகலான சந்து, ஓரத்தில் சாக்கடை, திடீரென்று ஒரு கேட்டுக்குள் விளக்கு போட்ட பெரிய ஹால். தெரு அழகைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது உகந்த இடம் இல்லை.

ஆனால் சாப்பாடு! பெய்ஜிங், பிக் பாஸ், கிம் லிங், கோல்டன் ஜாய், காஃபுலோக் என்று பேர் போன கடைகள் அடுத்தடுத்து. சில்லி சிக்கன், பொன்னிறமாகப் பொரித்த இறால், மிளகும் பூண்டும் தூக்கலான மீன், ஹாக்கா நூடுல்ஸ், மான்சோ சூப். இதெல்லாம் நம்மூரிலேயே கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறதுதான். மதுரையிலும் நாகர்கோவிலிலும் சாயங்காலம் தள்ளுவண்டியில் கரண்டி சத்தத்தோடு கொட்டும் ஃப்ரைட் ரைஸுக்கும் கோபி மஞ்சூரியனுக்கும் பூர்வீகம் கொல்கத்தா சீனர்களின் சமையலறைதான். மஞ்சூரியனை 1975-ல் பம்பாயில் முதலில் செய்ததாகச் சொல்லப்படும் நெல்சன் வாங்கூடக் கொல்கத்தாவில் பிறந்தவர். பச்சை மிளகாயும் சோயா சாஸும் பூண்டும் சோளமாவும் சேர்ந்த அந்தக் கூட்டு, சீனாவில் கிடைக்காத சீனச் சாப்பாடு. டேங்ராவில் அதை நல்ல கைப்பக்குவத்தில், உச்சமான தீயில், எண்ணெய் வடியாமல் சாப்பிடலாம். நம்மூர் வண்டியில் சிவப்புப் பொடி போடுகிற இடத்தில் அங்கே பச்சை மிளகாய் நேரடியாகப் பேசும். வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

சைவர்களுக்கும் டேங்ராதான் பாதுகாப்பு: காளான், பனீர், காலிஃப்ளவர், பேபி கார்ன் என்று மெனுவில் ஒரு பக்கமே இருக்கும். ஆனால் ஒரே கடாயில் எல்லாம் புரளும், சிப்பி சாஸ் எதில் போகிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஆசாரம் பார்க்கிறவர்களுக்கு இது சரிவராது. அப்படிப்பட்டவர்கள் பேசாமல் தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் போய் நம்மூர்க்காரர் கடையில் இலை போட்டுச் சாப்பிட்டுவிடலாம், அங்கே தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ஹலால் பார்க்கிறவர்கள் உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுங்கள், பன்றிக்கறி சமைக்காத கடைகளும் உண்டு, சமைப்பவையும் உண்டு, பலகையைப் பார்த்துத் தெரியாது.

பார்க்க என்ன இருக்கிறது? மாத்தேஷ்வர்தலா சாலையில் சீனக் காளி கோயில். மரத்தடியில் குங்குமம் பூசிய இரண்டு கல்லாக இருந்த இடத்தில், நோய் தீராத ஒரு சீனச் சிறுவனைப் பெற்றோர் கிடத்தி வேண்டிக்கொள்ள, பிழைத்துவிட்டான் என்பது கதை. அதற்கப்புறம் சீனர்களே கோயிலாகக் கட்டினார்கள். காளிக்கு முன்னால் தடியான சீன ஊதுவத்தி புகையும், பிரசாதமாக நூடுல்ஸும் சாப் சூயியும் படைப்பார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லைதான், இருந்தாலும் நின்று பார்க்காமல் வர மனசு வராது. இதைத் தவிர சீனப் பள்ளிக்கூடம் ஒன்று, மூடிய ஆலைகள் சில, அவ்வளவுதான். 1969 முதல் இங்கிருந்து வந்துகொண்டிருந்த சீன மொழி நாளிதழும் 2020-ல் கொரோனா சமயத்தில் நின்றுபோனது.

டேங்ராவின் செலவுக் கணக்கு இப்படி. ஒரு பிளேட் என்பது மூன்று பேருக்கு. இரண்டு பேர் போய் சூப், ஒரு ஸ்டார்ட்டர், நூடுல்ஸ், ஒரு கிரேவி என்று நம்மூர் வழக்கப்படி சொன்னால் பாதி மிஞ்சும், ஹோட்டல் அறைக்குப் பார்சல் கொண்டுபோய் என்ன செய்வீர்கள்? இருவர் என்றால் ஒரு ஸ்டார்ட்டரும் ஒரு நூடுல்ஸும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், போதாவிட்டால் பிறகு சொல்லலாம். நான்கைந்து பேர் போனால் தலைக்கு ஆகிற செலவு சட்டென்று இறங்கிவிடும். பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். மது குடித்தால் அதற்கு வரி வேறு கணக்கு. அப்புறம் அஜினோமோட்டோ வேண்டாம் என்பவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

திரும்பும் வண்டிதான் பெரிய தலைவலி. ராத்திரி பத்தரைக்கு மேல் அந்தச் சந்துக்குள் ஆப் டாக்சி வரத் தயங்கும், வந்தாலும் கட்டணம் ஏறியிருக்கும். பெண்கள் மட்டும் போகிறீர்கள் என்றால், அல்லது வயதானவர்கள் இருந்தால், மதிய உணவுக்குப் போங்கள். சாப்பாட்டில் எந்தக் குறையும் இருக்காது, வெளிச்சத்தில் காளி கோயிலையும் பார்த்துவிடலாம். சனி, ஞாயிறு ராத்திரி குடும்பம் குடும்பமாக வந்து காத்திருப்பார்கள், அதற்கும் மதியம்தான் மருந்து.

நகர மையத்தின் பழைய உணவகங்கள்

கணேஷ் சந்திர அவென்யூவில் ஒரு பெட்ரோல் பங்க்குக்கு மேலே, மாடியில் இருக்கிறது ஓ சியூ. 1920-களிலிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. மேஜைகள் கொஞ்சம்தான், அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இங்கே போவதே சிம்னி சூப்புக்காகத்தான். நடுவில் புகைபோக்கி வைத்த ஒரு உலோகப் பாத்திரம் மேஜைக்கு வரும், புகைபோக்கிக்குள் கரி கனன்றுகொண்டிருக்கும், அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் சூப் கொதிக்கும். மீன் உருண்டை, இறால், கோழி, பன்றிக்கறி, கீரை எல்லாம் அதில் கிடக்கும், முட்டையும் அந்தக் கொதியிலேயே வேகும். காரம் இல்லை, மசாலா இல்லை. சில்லி சிக்கனை எதிர்பார்த்து வந்த நாக்குக்கு முதல் கரண்டி சப்பென்று இருக்கும், மூன்றாவது கிண்ணத்தில்தான் புரியும். ஜோசஃபின் நூடுல்ஸ் என்று ஒன்று உண்டு, அதையும் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே சித்தரஞ்சன் அவென்யூவில் சுங் வா. திரை போட்ட பழைய மரக் கேபின்கள், மதுக்கூடமும் உண்டு. அலுவலகம் முடிந்து வருகிறவர்களின் இடம். சாப்பாடு டேங்ரா வகைதான், விலை மிதம். குழந்தைகளோடு போவதென்றால் ஓ சியூவே மேல்.

குறைகள்: சிம்னி சூப்புக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லியாக வேண்டும், நேராகப் போய் உட்கார்ந்து கேட்டால் கிடைக்காது. அது நாலைந்து பேருக்கான பாத்திரம், இருவருக்கு அதிகம். குடும்பம் நடத்துகிற கடை என்பதால் விடுமுறை அவர்கள் வசதிப்படி, போனில் அதையும் கேளுங்கள். மாடிப்படி ஏற வேண்டும்.

இது யாருக்கு? விடியற்காலை எழ முடியாது, டேங்ரா வரை போக நேரமில்லை, ஆனால் நம்மூரில் கிடைக்காத ஒன்றைச் சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு. சாந்தினி சவுக் மெட்ரோவிலிருந்து நடந்தே வந்துவிடலாம், டாக்சிச் செலவே இல்லை. மூன்றில் செலவுக் கணக்கு நேராக நிற்பது இதில்தான்.

சரி, உங்களுக்கு எது?

தனியாகவோ ஜோடியாகவோ போகிறீர்கள், ஞாயிறு காலை ஊரில் இருப்பீர்கள், பன்றிக்கறிக்கு ஆட்சேபம் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், டிரெட்டி. ஆறரைக்குள் அங்கே நில்லுங்கள். கொல்கத்தாவில் நம்மூரைவிட முன்னதாகவே விடிந்துவிடும், ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுவதால் எழுவது அத்தனை கஷ்டமில்லை. ஆனால் ஜூன் நடுவில் தொடங்கும் மழைக்காலத்தில் அந்தப் பக்கத் தெருக்களில் தண்ணீர் தேங்கும், கடையும் குறையும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம்.

பெரிய குடும்பம், பாதிப் பேர் சைவம், ஒருவருக்குச் சர்க்கரை, ஒரு குழந்தை என்றால் டேங்ரா, அதுவும் மதியம். வேலை விஷயமாக வந்திருக்கிறீர்கள், வார நாள், ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, கூட இரண்டு மூன்று பேர் வருவார்கள் என்றால் ஓ சியூவுக்குக் காலையிலேயே போன் போட்டுவிடுங்கள். இஸ்லாமிய நண்பர்களுக்கு டிரெட்டியில் சாப்பிட அதிகம் இல்லை என்றாலும் காலை நடையை விட வேண்டாம், நடந்து முடித்துவிட்டு நகோடா மசூதிப் பக்கம் போனால் நிஹாரியும் ரொட்டியும் இருக்கிறது, அது தனிக் கதை.

இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியும், ஆனால் விடியற்காலை டிரெட்டி, ராத்திரி டேங்ரா என்று போட்டால் நடுவில் உள்ள பகல் முழுக்கத் தூக்கத்தில் போகும், டேங்ராவுக்குள் நுழையும்போது பசியும் சரியாக இருக்காது. அதைவிட ஞாயிறு காலை டிரெட்டி, கோயில்கள், ஆர்மீனிய சர்ச், அங்கிருந்து நடந்தே போய் மதியம் ஓ சியூ, கடை திறந்திருப்பதை முந்தின நாளே கேட்டுக்கொண்டு. எல்லாம் ஒரே வட்டாரம். டேங்ராவை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது மனசைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடலாம். மூன்றில் எதை விடலாம் என்று என்னைக் கேட்டால் டேங்ராவைத்தான் சொல்வேன், அதன் ருசியில் முக்கால்வாசி நம் தெருமுனையிலேயே கிடைக்கிறது என்பதால்.

சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். அந்த வாரம் ஊரில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அப்போது டேங்ராவுக்குப் போங்கள், சிங்க நடனக் கூட்டம் தாளம் தட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும், மூடியிருந்த கேட்டெல்லாம் திறந்திருக்கும், கனடாவிலிருந்து பேரன் பேத்திகள் வந்திருப்பார்கள். டேபிள் கிடைப்பதுதான் பாடு.

வாங்கிவர வேண்டியது சாஸ். டிரெட்டி சந்துகளில் பூ சோங் கம்பெனியின் பச்சை மிளகாய் சாஸ் கிடைக்கும், 1950-களிலிருந்து இங்கேயே தயாராவது. கண்ணாடி பாட்டில், விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், துணிக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்து லக்கேஜில் போட்டுவிடுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அரை டஜனாகவே வாங்கலாம்.